செல்லூருக்குக் கொண்டுபோன லென்ஸ்

காலை 5.40. திருச்சியில் மதுரை பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்று நாற்பத்தைந்து ரூபாய், தூரம் ஏறக்குறைய நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் கேமராப் பை. பதினோரு மாதம் பீரோவுக்குள் கிடந்த பை, அந்துருண்டை வாசம் அடித்தது.

மதுரைக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இல்லையென்றால் கல்யாணத்துக்குப் போவார்கள். நான் ஒரு லென்ஸைப் பழுது பார்க்க அங்கே செல்லூருக்குப் போனேன். காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கே ஆகாது.

என் மனைவி மரகதம் போன மார்கழியில் இறந்துபோனாள். நுரையீரலில் நோய். அடுத்த மாதம் முதல் வருஷம் வருகிறது. தோஹாவில் இருக்கும் மகள் கயல்விழி போன வாரம் பேசினாள். "அப்பா, அம்மா படம் நல்லதா ஒண்ணு ஃப்ரேம் போடணும். நீங்க எடுத்ததுல ஒண்ணு அனுப்புங்க" என்றாள். எடுத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு படங்கள் இருந்தன. அத்தனையும் அவள் கட்டிலோடு இருந்த கடைசி இரண்டு மாதத்தில் எடுத்தவை. ஒன்றில்கூட முகம் தெளிவாக இல்லை.

அதற்கு முன்னால் எடுத்தது இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை, ஐயா. பணி ஓய்வுக்குப் பிறகு பறவை எடுக்க ஆசைப்பட்டு வாங்கிய மிரர்லெஸ் கேமரா அது. நாமக்கோழி, நீர்க்காகம், முக்குளிப்பான் எல்லாம் ஆயிரக்கணக்கில் எடுத்தேன். சமையற்கட்டில் நின்றவளை ஒரு தடவை எடுக்கத் தோன்றவில்லை. "ஒரு கொக்குக்கு இருக்குற மவுசு நமக்கு இல்லையே" என்று அவள் கேலி செய்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். டாக்டர் கையை விரித்த பிறகுதான் பறவை லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கேமராவோடு வந்த சின்ன லென்ஸை மாட்டி அவளை எடுக்க ஆரம்பித்தேன்.

அந்த லென்ஸ் அவள் முகத்தில் நிலைக்கவே இல்லை. முன்னே போகும், பின்னே வரும், மறுபடி முன்னே போகும். நான் ஒரே முடிவுக்கு வந்தேன்: அவள் ஆடுகிறாள். "ஆடாம இரேன் மரகதம், ஒரு நிமிஷம் ஆடாம இருக்க முடியாதா உனக்கு?" சத்தம் போட்டே திட்டியிருக்கிறேன். நோயாளியை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இரண்டு மாதம்.

அவள் ஆடினாளா, கேமரா தடுமாறியதா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

6.50. துவரங்குறிச்சி தாண்டியதும் கேமராவை வெளியே எடுத்தேன். முன் சீட்டுக் கம்பியைக் குறிவைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தினேன். கர்ர், கர்ர் என்று உள்ளே ஓடியது. கம்பி தெளிந்தது, மங்கியது, தெளிந்தது, மங்கியது. கடைசியில் கம்பியை விட்டுவிட்டு டிரைவர் முதுகைப் பிடித்துக்கொண்டது.

பக்கத்தில் இருந்தவர் மேலூர்க்காரர், காலடியில் ஒரு சாக்குப் பூசணிக்காய் வைத்திருந்தார். எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, உள்ள வண்டு கிண்டு புகுந்துருச்சா?"

"இல்லங்க, ஃபோகஸ் நிக்க மாட்டேங்குது."

"பஸ்ஸுல ஆட்டம் இருக்குல்ல, அதான். வண்டி நிக்கயில பாருங்க."

மேலூரில் வண்டி நின்றது. அவர் இறங்காமல் எனக்காகக் காத்திருந்தார். ஆடாத கம்பியைக் காட்டினேன். அதே கர்ர், அதே தடுமாற்றம். "அப்ப வண்டுதாண்ணே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆடாத கம்பிக்கே இந்தக் கதி என்றால், என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

8.40. மாட்டுத்தாவணி பஸ் நிலையம். கார்த்திகை மாதத்து மூடிய வானம், முந்தின நாள் மழையின் சேறு. வெளியே வந்ததும் கண்ணன் என்கிற ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். செல்லூர், அப்புறம் கோச்சடை, திரும்பச் செல்லூர், சாயங்காலம் திருப்பரங்குன்றம் என்று என் கணக்கைச் சொன்னேன். "தொளாயிரம் குடுங்கண்ணே, பொழுது சாயற வரைக்கும் நான் உங்க வண்டி" என்றார். ஒத்துக்கொண்டேன்.

கோரிப்பாளையத்து நெரிசலில் கால் மணி நேரம் போனது. செல்லூரில் ஆட்டோ நுழையாத சந்து ஒன்றின் வாயில் இறக்கிவிட்டார். சந்து நெடுக விசைத்தறிச் சத்தம். வீட்டுக்கு வீடு கதவு சாத்தியிருக்கிறது, சத்தம் மட்டும் வெளியே நிற்கிறது. பேசுகிறவர்கள் எல்லாம் காதருகே வந்து பேசுகிறார்கள்.

9.30. முத்துலெட்சுமியின் வீடு. நாற்பது வயதுக்குள் இருக்கும். பெங்களூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்து, கல்யாணமாகிச் செல்லூருக்கு வந்தவர். கீழே கணவரின் தறி இரண்டு ஓடுகிறது, மாடியில் இவர் கேமரா பார்க்கிறார். பறவை எடுக்கும் சிநேகிதர் ஒருவர்தான் எனக்கு வழி சொன்னார். திருச்சியில் ஒரு கடையில், "மோட்டார் போச்சு சார், புது லென்ஸ் வாங்கிக்குங்க" என்று கையில் வாங்கிப் பார்க்காமலே சொல்லிவிட்டார்கள்.

கேமராவை அவர் கையில் கொடுத்தேன். சுவர்க் காலண்டரைக் காட்டி அழுத்தினார். கர்ர்.

"இது ஹண்டிங் சார். பிடிக்கத் தெரியாம முன்னுக்கும் பின்னுக்கும் தேடிக்கிட்டே இருக்கும். எம்புட்டு நாளா இருக்கு?"

"ஒரு வருஷம் ஆச்சும்மா."

"நீங்க என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?"

சொன்னேன். அறையில் வெளிச்சம் போதவில்லை என்று நூறு வாட்ஸ் பல்பு போட்டேன். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தலையணை, வெளுத்த முகம், கேமராவுக்கு விளிம்பு தெரியவில்லை போல என்று சிவப்புப் போர்வை போர்த்தினேன். ரொம்பக் கிட்டத்தில் நிற்கிறேனோ என்று இரண்டடி பின்னால் போனேன். கண்ணைத் தானாகத் தேடும் வசதியை நிறுத்தினேன், ஒரே புள்ளியில் வைத்தேன். மென்பொருளைப் புதுப்பித்தேன். எல்லா அமைப்பையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். முன் கண்ணாடியைத் துடைத்தேன்.

அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே தன்னுடைய லென்ஸ் ஒன்றை என் கேமராவில் மாட்டினார். டிக் என்று பிடித்தது. என் லென்ஸை அவருடைய கேமராவில் மாட்டினார். கர்ர்.

"கேமரா பாடியில கோளாறு இல்ல. லென்ஸுதான்." என்னைப் பார்த்தார். "சாருக்கு என்ன வேலை?"

"டெலிபோன் கேபிள்ல முப்பத்து மூணு வருஷம் பழுது பாத்தவம்மா."

"அப்பச் சரி. லென்ஸுக்குப் பின்பக்கம், கேமராவோட ஒட்டுற பின்னெல்லாம் நீங்களே சுத்தம் பண்ணிருப்பீங்க."

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. இணைப்பை முதலில் துடை, அப்புறம் மற்றதைப் பார் என்று எத்தனையோ புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த லென்ஸின் பின்பக்கத்தை ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. திட்டுவதற்கு ஆள் எதிரே இருந்ததே, அப்புறம் எதற்குத் திருப்பிப் பார்க்க? இதை ஒரு முன்பின் தெரியாத பெண்ணிடம் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

"அப்ப மோட்டாராத்தான் இருக்கும். பிரிக்கணும். மூணு மணிக்கு வாங்க சார்" என்றார்.

12.15. கோச்சடை. செல்லூரிலிருந்து பாலம் ஏறி ஆரப்பாளையம் வழியாக ஐந்து கிலோமீட்டருக்குள்தான். பாலத்தின் கீழே வைகையில் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர், மிச்சம் ஆகாயத்தாமரை. "மழைக்கு இம்புட்டாச்சும் வந்துச்சே" என்று கண்ணன் திருப்திப்பட்டுக்கொண்டார்.

கொழுந்தியாள் வசந்தா வாசலிலேயே நின்றாள். மரகதத்துக்கு ஆறு வயது இளையவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்காக அரை நாள் லீவு போட்டிருந்தாள். பக்கவாட்டில் பார்த்தால் அக்காவின் தாடை அப்படியே. நான் நேராக முகத்தைப் பார்த்தே பேசினேன்.

"மெலிஞ்சுட்டீக அத்தான். சமைச்சுச் சாப்பிடுறீகளா, இல்ல கடையிலயா?"

"ரெண்டும்தான்."

இலை போட்டாள். அவரைக்காய்ப் பொரியல், சாம்பார், அப்பளம். கேமரா எங்கே என்று கேட்டாள். சொன்னேன். ரசத்தை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தக் கேமராவ ரிப்பேர் பாக்கவா வந்துருக்கீக?"

"படம் ஏன் மங்குச்சுன்னு தெரியணும் வசந்தா. அவ கை காலெல்லாம் நடுங்கிக்கிட்டுதானே இருந்துச்சு? அதனாலயா இருக்கும்னு..."

"அக்கா தெனமும் போன்ல சொல்லும் அத்தான்." கொஞ்சம் யோசித்துத்தான் பேசினாள். "‘உங்க அத்தான் என்னையப் படம் எடுக்குறாருடி, நான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன். மூச்சு விட்டா ஆடிருதாம்’னு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லும். இந்த வயசுல மனுசனுக்கு என்ன ஆசை பாருன்னு சொல்லும். எனக்குத்தான் மனசு கேக்காது. மூச்சே விட முடியாத பொம்பளை, அதப் பிடிச்சு வேற வைக்குதேன்னு."

மோர் ஊற்ற வந்தாள், வேண்டாம் என்றேன். "நான் ஏன் சொன்னேன்னு இருக்கு. கோவிச்சுக்காதீக" என்றாள். கோபமா? யார் மேல் கோபிக்க? எழுந்து கை கழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். அவள் இலையை எடுத்தாள்.

3.10. மறுபடி செல்லூர். முத்துலெட்சுமி லென்ஸைப் பிரிக்கவில்லை. பின்பக்கம் மேலே தெரிய மேசை மேல் நிறுத்தி, பெரிய பூதக்கண்ணாடி விளக்கைத் தாழ்த்தி வைத்திருந்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. பின்பக்கம் சுத்தம் பண்ணல நீங்க. இதுக்கு மோட்டார் நல்லாத்தான் இருக்கு. வாங்க, பாருங்க."

குனிந்து பார்த்தேன். பளபளப்பான உலோக வளையத்தின் உள்ளோரம் தங்க நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. கேமராவும் லென்ஸும் பேசிக்கொள்வது அந்தப் புள்ளிகள் வழியாகத்தான். அதில் மூன்றின் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து படிந்திருந்தது. நடுவில் கடுகளவு சிவப்பு.

"சந்தனம் சார். மேல குங்குமம். ஆயுத பூஜை முடிஞ்ச மாசம் நாலாச்சும் இப்படி வரும் எனக்கு. போன மாசம் ஒரு கல்யாண வீடியோக்காரர் கேமராவுக்குள்ள, படம் விழுகுற சென்சார் மேலயே வச்சுக் கொண்டாந்தாரு." கீழே ஓடும் தறியைக் காட்டினார். "நாங்களும்தான் வைக்கிறோம். கண்ணுக்கு எது ஆயுதமோ அதுக்கெல்லாம் வைப்போம்ல."

எனக்கு அந்த நாள் வந்து நின்றது. போன வருஷத்து ஆயுத பூஜை. இந்த வருஷம் துக்க வீடு, பூஜை கிடையாது. அன்றைக்குக் கட்டிலை விட்டு எழுந்திருக்காதே என்று சொல்லியும் எழுந்தாள். நான் பொரிகடலை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் மிக்சி, தையல் மிஷின், ஸ்கூட்டர், என் பழைய டூல்ஸ் பை, கேமரா என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் அந்தச் சின்ன லென்ஸ் தலைகீழாக, பின்மூடி இல்லாமல் கிடந்திருக்கிறது. திறந்து போட்டவன் நான். அவள் அதன் முகம் எது, முதுகு எது என்று கண்டாளா? பளபளப்பாக மேலே தெரிந்த இடத்தில் வைத்திருக்கிறாள். மறுநாள் விஜயதசமி. நான் பார்க்காமல் எடுத்து மாட்டினேன். அந்த வாரமே "ஆடாம இரு" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"வீட்டுல வச்சாங்களா?" என்றார்.

"ஆமாம்மா. இப்ப இல்ல."

அவர் பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினார். "துடைக்கலாமா சார்?"

துடைத்தால்தான் கேமரா வேலை செய்யும், அது எனக்குத் தெரியும். "துடைங்க" என்றேன். நான்கு குச்சி ஆனது. கடைசிக் குச்சி வெள்ளையாக வந்தது. லென்ஸை மாட்டிக் காலண்டரைக் காட்டி அழுத்தினார். டிக். கதவைக் காட்டினார். டிக். என் முகத்தைக் காட்டினார். டிக்.

"கேமரா தலையில ஒரு பொட்டுக் கறை இருக்கு. அத விட்டுருறேன், அதால ஒண்ணும் இல்ல" என்றார்.

பழைய படங்களையும் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டார். அதே கேமராவின் சின்னத் திரையில் தள்ளிக்கொண்டே போனார். மங்கல், மங்கல், மங்கல். ஒன்றில் நின்றார். பெரிதாக்கினார். "சார், இதுல முகம் இல்ல, ஆனா கை தெளிவா விழுந்துருக்கு."

தேடி அலைந்த லென்ஸ் ஒரு தடவை அவள் கையில் போய் நின்றிருக்கிறது. முகம் மங்கியதும் நான் அடுத்ததற்குப் போய்விடுவேன், பெரிதாக்கிப் பார்த்ததே இல்லை. கட்டிலின் இரும்புச் சட்டத்தை அந்தக் கை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ஒரு மயிரிழைகூட ஆடாத கை. ஆடிவிடக் கூடாதே என்று பிடித்த பிடி அது.

முந்நூறு ரூபாய் கேட்டார். கொடுத்தேன். அந்த நாலு குச்சியையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுக்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, மடித்துக் கொடுத்தார். சந்துக்கு வந்த பிறகு அழுதேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

4.50. திருப்பரங்குன்றம். வசந்தாவைக் கோச்சடையில் ஏற்றிக்கொண்டு, காளவாசல், பழங்காநத்தம் வழியாகப் பத்து கிலோமீட்டர் வந்தோம். அக்காவும் தங்கையும் பிறந்து வளர்ந்த ஊர். ஊர்ப் பக்கம் போனால் தென்கால் கண்மாய்க் கரையிலிருந்து மலையை ஒரு படம் எடுத்துத் தாருங்கள் என்று மரகதம் கேட்டுக்கொண்டே இருப்பாள். பறவை எதுவும் வருமா என்று நான் கேட்பேன். இதுதான் எங்கள் முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தின் லட்சணம்.

கண்மாயில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. மலை முழுசாகத் தண்ணீருக்குள்ளும் கிடந்தது. கரையோரம் ஒரு கொக்கு நின்றது, நான் அதை எடுக்கவில்லை. மலையை எடுத்தேன். டிக் என்று பிடித்தது, பாறையின் விரிசல்கூடத் தெரிந்தது. கேட்டவள் இல்லை, படம் வந்துவிட்டது.

ஆட்டோவில் வரும்போதே வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். சந்தனத்தை, என் தலையாட்டலை, அந்தக் கையை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கரையில் நின்றதும், "ஒண்ணும் நெனைக்காதீக அத்தான். அக்காவுக்கு நீங்க அதப் பாத்ததே சந்தோசம்தான்" என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று தெரிந்தது. பக்கவாட்டில் திரும்பி மலையைப் பார்த்தாள். அந்தத் தாடை.

"அப்படியே நில்லு வசந்தா, ஒண்ணு எடுக்குறேன்."

கேமராவைத் தூக்கியதும் அவள் விறைத்தாள். முந்தானை நுனியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். தோள் உயர்ந்தது, அப்படியே நின்றுவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டாள். அக்கா சொல்லிச் சொல்லிக் கேட்டது இவளுக்கும் பதிந்திருக்கிறது, இந்த மனுசன் கேமரா எடுத்தால் மூச்சு விடக் கூடாது என்று.

என் கை கீழே வந்துவிட்டது.

"மூச்ச விடும்மா" என்றேன். மறுபடி சொன்னேன். "மூச்ச விடு. ஆடுனா ஆடட்டும்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். தோள் ஏறி இறங்கியது. அழுத்தினேன்.

6.30. கண்ணன் வசந்தாவைக் கோச்சடையில் விட்டுவிட்டு, என்னை மாட்டுத்தாவணியில் இறக்கினார். பேசிய தொளாயிரத்தைத்தான் வாங்கினார், கூடக் கொடுத்ததைத் திருப்பித் தந்தார். "வண்டு போயிருச்சா?" என்று கேட்க அந்தப் பூசணிக்காய்க்காரர் இல்லை. திருச்சி பஸ்ஸில் இந்தத் தடவை நடு சீட்டுத்தான் கிடைத்தது.

கயல்விழிக்கு அந்தக் கைப் படத்தை அனுப்பினேன். இதைத்தான் ஃப்ரேம் போடப் போகிறேன் என்று எழுதினேன். ஏன்ப்பா, அம்மா முகம் மங்கலா இருக்கே என்று பதில் வந்தது. ஊருக்கு வா, சொல்கிறேன் என்று மட்டும் எழுதினேன். பிறகு வசந்தாவின் படத்தைத் திறந்தேன். இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. பிடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த ஒரு நொடி வேலைக்குத்தான் இரண்டு மாதம் மரகதத்தை மூச்சடக்க வைத்திருக்கிறேன்.